ஒரு வலைக்குள் மூன்று கிழமை

என் செல்லத் தங்கை ஜெசிந்தாவுக்கு,

நீ கண்ணை மூடி எட்டு மாதமாகிவிட்டது. தலைமன்னாரில் எல்லோரும் சுகம் என்று எழுத மனம் வரவில்லை. அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை.

தென்சூடான் அகதி முகாமில் தாதியாக இருந்த உன்னைப் பார்க்க, பெட்டி நிறையக் கருவாடும் பனங்கட்டியும் சுமந்துகொண்டு வந்தேன். "அக்கா, இஞ்சை ஒராளுக்கு ஒருநாளைக்கு ரெண்டு வாளித் தண்ணிதான். கருவாட்டைக் கழுவினா நீங்கள் குளிக்கேலாது" என்று சிரித்தாய். நான் குளிக்காமல் குழம்பு வைத்தேன். உன்னோடு வேலை செய்த டொக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தவர், மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டார்.

மற்றதெல்லாம் பழகச் சில நாள் பிடித்தது. பொழுதுபட முன் வேலிக்குள் வந்துவிட வேண்டும். வாசலைத் தாண்டுவதென்றாலும் வோக்கிடோக்கியில் சொல்ல வேண்டும். "சண்டைக்காலத்திலை முகாமிலை வளந்த எங்களுக்கு இதென்ன புதுசோ?" என்று கேட்டாய். அதுவும் சரிதான்.

வந்தவருக்குக் கட்டிலைக் கொடுத்துவிட்டு வீட்டுக்காரர் பாயில் படுப்பது நம் வீட்டு வழக்கம். நீயும் அப்படியே செய்தாய், நானும் உரிமையோடு ஏறிப் படுத்தேன். கட்டிலுக்கு மேலே கட்டியிருந்த நுளம்பு வலையும் எனக்கே வந்தது. ஐந்தாம் நாள்தான் உன் வலை எங்கே என்று கேட்டேன். "மற்றதை ஒரு பிள்ளைத்தாச்சிக்குக் குடுத்திட்டன். புதுசு வரும். இந்த நுளம்புகள் எனக்குப் பழக்கம் அக்கா, படுங்கோ" என்றாய்.

நம்மூரில் மலேரியாவை மறந்து கனகாலம். நுளம்பு கடித்தால் சொறிந்துவிட்டுப் போகிற புத்தி எனக்கு. மடைச்சி, மீதிப் பதினாறு நாளும் அந்த வலைக்குள் குறட்டை விட்டேன்.

நான் ஊர் திரும்பிப் பத்தாம் நாள் உனக்கு மலேரியாக் காய்ச்சல் என்று தகவல் வந்தது. மழையில் பாதை மூடி, உன்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்ற விமானமும் இறங்கவில்லையாம். அடுத்த தகவல் வந்தபோது நீ இல்லை. அது எந்த நாள் கடித்தது, ஜெசி? நான் உன் பக்கத்தில் கிடந்த எந்த நாள்?

அம்மா உன்னைத்தான் ஏசுகிறார். வருகிற ஆட்களிடமெல்லாம், "ஊருக்கு மருந்து குடுத்தவள், தன்ரை உடம்பைப் பாக்கத் தெரியாதவள். ஒரு வலையைக் கட்டிப் படுத்திருக்கலாமே" என்று சொல்லி அழுகிறார். பிறகு என் கையைப் பிடித்து, "நீயாவது போய்ப் பாத்தனியே பிள்ளை" என்கிறார். நான் தேத்தண்ணி போடுகிற சாட்டில் குசினிக்குள் போய்விடுகிறேன்.

இந்த ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் அம்மாவை இருத்தி எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன். அவர் என் முகத்தில் முழிக்காமல் விடலாம். விடட்டும். உன்னை ஏசுவதைக் கேட்டுக்கொண்டு இனி ஒருநாளும் பேசாமல் நிற்கமாட்டேன்.

உன் அக்கா,
றீற்றா