பள்ளம் எந்தப் பக்கம்

நெதர்கோம்ப், டார்செட்
11 ஜூலை 1976

ஹெஸ்டர் அக்காவுக்கு,

வில்ஃபிரட் எழுதுவது. உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று நினைத்திருப்பாய். யாரும் போகவில்லை. என் வீட்டுக்காரி எனிட் நன்றாக இருக்கிறாள், நானும் இருக்கிறேன். மாடுகள்தான் போகப் பார்க்கின்றன.

மே மாதத்திலிருந்து இங்கே சொல்லிக்கொள்ளும்படி ஒரு மழை இல்லை. மேய்ச்சல் நிலமெல்லாம் ரொட்டித் தோல் மாதிரி கிடக்கிறது. நம் கிணறு போன வாரம் அடி தட்டிவிட்டது. உயிர்வேலி ஓரத்து ஊற்று மட்டும்தான் ஓடுகிறது. என் நாற்பது மாடுகளும் அதை நம்பித்தான் நிற்கின்றன.

வேலிக்கு அந்தப் பக்கம் பெர்சி ஹாலட்டின் குட்டை காய்ந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரன் மாடு தொண்டை வறண்டு கத்துவதைக் கேட்டுக்கொண்டு நான் எப்படிச் சாப்பிடுவது? நம் ஊற்றில் தண்ணீர் எடுத்துக்கொள் என்று போய்ச் சொன்னேன். அதற்கு அவன் என்ன சொன்னான் தெரியுமா?

"என் தண்ணிய எனக்கே பிச்சை போடறியா வில்ஃப்? அந்த ஊத்து எங்களுது. உங்க தாத்தா அமுக்கிட்டாரு. நான் சொல்லல, உங்க அக்காவே சொன்னா, உங்கப்பா சாவுக்கு வந்த அத்தனை பேர் முன்னாடியும்."

நான் திரும்பி வந்துவிட்டேன். வேறென்ன செய்ய? நீ சொன்னது உண்மைதானே. அப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்து எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, "லோடர் குடும்பம் அடுத்தவன் பிடி மண்ணுக்கு ஆசைப்பட்டதில்லை" என்று நான் ஏதோ இரண்டு வார்த்தை பேசினேன். நீ எழுந்து, "பொய். தாத்தா எல்லைப் பள்ளத்தை மூடினதை என் கண்ணால பார்த்தேன்" என்றாய். நான் உன்னிடம் இந்த வாசற்படியை இனி மிதிக்காதே என்றேன். பதினெட்டு வருடம் ஆகிவிட்டது.

இப்போது நம் பாதிரியார் வேறு, அறுவடைத் திருநாளுக்கு ஊரின் பழைய குடும்பங்கள் தங்கள் வரலாற்றை எழுதித் தேவாலயச் சுவரில் ஒட்டவேண்டும் என்கிறார். நம் குடும்பப் பிறப்பு இறப்பெல்லாம் குறித்துவைத்த வேதாகமத்தின் முதல் பக்கத்தைப் பார்த்து எழுத ஆரம்பித்தேன். ஜேபஸ் தாத்தா 1887இல் ஆறு மாடுகளோடு இங்கே வந்தார் என்று எழுதினேன். அதற்கு மேல் பேனா ஓடவில்லை. நல்லவர் என்று எழுதவா, திருடர் என்று எழுதவா?

தாத்தா திருடியிருந்தால் ஊற்றைப் பெர்சியிடம் கொடுத்துவிடுவேன். என் மாடு திருட்டுத் தண்ணீர் குடிக்க வேண்டாம். கொடுத்தால் இந்தப் பண்ணை நிற்காது, அது எனக்குத் தெரியும். ஆனால் உறுதியாகத் தெரிந்துகொண்டு கொடுக்கவேண்டும். நீ அன்று பார்த்ததை ஒன்று விடாமல் எழுது.

வில்ஃபிரட் லோடர்

* * *

ஒன்டாரியோ, கனடா
22 ஜூலை 1976

வில்ஃபிரட்,

பதினெட்டு வருடத்தில் ஒரு கிறிஸ்துமஸ் அட்டை கிடையாது. என் கணவர் ஜார்ஜ் இறந்தபோது ஒரு வரி கிடையாது. உனக்கு இப்போது சாட்சி தேவைப்படுகிறது, அக்கா நினைவுக்கு வந்துவிட்டாள். நன்றாக இருக்கிறதடா உன் நியாயம்.

கடிதத்தைக் கிழித்துப் போடத்தான் நினைத்தேன். மாடுகள் கத்துகின்றன என்று எழுதியிருந்தாயே, அதில்தான் மாட்டிக்கொண்டேன். நானும் அந்த வீட்டில்தான் பால் கறந்தேன், உனக்கு நான்கு வருடம் முன்னாலேயே ஆரம்பித்து. ஆனால் பண்ணை உனக்கு, அம்மாவின் தையல் பெட்டி எனக்கு. அன்று நான் எழுந்து பேசியதற்கு அந்தப் பெட்டியும் ஒரு காரணம் என்று வைத்துக்கொள்.

கேட்டாய், சொல்கிறேன். 1921, எனக்கு ஒன்பது வயது. அந்தக் கோடையிலும் மழை இப்படித்தான் பொய்த்தது. ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊரே தேவாலயத்தில் இருந்த நேரம். தாத்தா சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, வேலியோரப் பள்ளத்தில் கல்லும் செங்கலும் கொட்டி மூடிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஷூவுக்குப் பாலிஷ் போடுவதே பாவம் என்கிற மனிதர்! என்னைப் பார்த்ததும் திடுக்கிட்டார். "நீ என்னைப் பாக்கல, நான் உன்னைப் பாக்கல. போ" என்றார்.

நேர்மையான வேலையை யாராவது அப்படி ஒளித்துச் செய்வார்களா? எல்லைப் பள்ளத்தை மூடுகிறவன் எல்லையைத்தான் அழிக்கிறான். பிறகு ஊற்று எங்களுடையது என்று ஹாலட் வீட்டார் சொன்னபோது எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவ்வளவுதான் தெரியும். இதை வைத்து நீ என்ன வேண்டுமானாலும் செய்துகொள்.

எனிட்டுக்கு என் விசாரிப்பு. உனக்கு இன்னும் இல்லை.

ஹெஸ்டர்

* * *

நெதர்கோம்ப்
1 ஆகஸ்ட் 1976

அக்கா,

திட்டு எனக்குச் சேரவேண்டியதுதான், வாங்கிக்கொண்டேன். ஜார்ஜ் அத்தான் காலமான செய்தி வந்தபோது மூன்று முறை எழுத உட்கார்ந்தேன். மூன்று முறையும் எனிட்தான் குப்பைக் கூடையைக் காலி செய்தாள். வீம்பு. வேறொன்றும் இல்லை.

மழை இல்லை. பெர்சி போன செவ்வாய் ஏழு மாடுகளைச் சந்தைக்கு ஓட்டிவிட்டான். பார்க்கச் சகிக்கவில்லை. வேலிக்கு மேல் இரண்டு வாளி தண்ணீர் தூக்கி வைத்தேன். அப்படியே கவிழ்த்துவிட்டான் பாவி, பூமி ஒரு நொடியில் குடித்துவிட்டது.

உன் கடிதத்தில் ஒன்று இல்லை. உனக்கு அது தோன்றியிருக்காது, ஏனென்றால் பள்ளம் வெட்டப் பெண்பிள்ளைகளை யாரும் அழைத்துப் போனதில்லை. எனக்கு ஏழு வயதிலேயே அப்பா சொல்லிக் கொடுத்தார்.

எல்லையில் பள்ளம் வெட்டுகிறவன் தன் நிலத்தின் கடைசி அடியில் வெட்டுவான். மண்ணைத் தன் பக்கமே வீசுவான். அடுத்தவன் நிலத்தில் ஒரு கூடை விழுந்தாலும் சண்டை. அந்த மண்மேட்டின் மேல் உயிர்வேலி நடுவான். ஆகவே பள்ளம் எப்போதும் வேலிக்கு வெளியே, அடுத்தவன் பக்கம் இருக்கும். ஆனால் வேலியும் பள்ளமும் வெட்டினவனுக்குத்தான். இங்கே எந்தத் தகராறு வந்தாலும் முதலில் கேட்கிற கேள்வி, பள்ளம் எந்தப் பக்கம் என்பதுதான்.

இப்போது புரிகிறதா? ஊற்று வேலியிலிருந்து நம் பக்கம் மூன்றே அடி. தாத்தா மூடிய பள்ளம் நம் பக்கம் இருந்திருந்தால், அதை வெட்டினவர்கள் ஹாலட் வீட்டார். வேலி அவர்களுடையது, பள்ளம் அவர்களுடையது, பள்ளத்துக்குள் வருகிற ஊற்றும் அவர்களுடையது. தாத்தா திருடர்தான், சந்தேகமே இல்லை. அவர்கள் பக்கம் இருந்திருந்தால் கதையே வேறு.

இன்றைக்கு அங்கே பள்ளமே இல்லை. பெர்சியின் அப்பா பின்னாளில் அந்தப் பக்கமெல்லாம் டிராக்டர் ஓட்டிச் சமமாக்கிவிட்டார். நம் பக்கம் எனக்குத் தெரிந்து எப்போதும் சமதரைதான். ஆனால் தாத்தா மூடியபோது எனக்கு ஐந்து வயது. அதற்கு முன் எப்படி இருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்?

நீ நம் வயலில் நின்று பார்த்ததாக அன்று அப்பாவிடம் சொன்னாய். அதற்காக அறையும் வாங்கினாய், நினைவிருக்கிறது. அப்படியென்றால் பள்ளம் நம் பக்கம். நல்ல பதில் வராது என்று தெரிந்தேதான் கேட்கிறேன்: நீ நின்ற இடம் எது? தாத்தா வேலிக்கு எந்தப் பக்கம் இருந்தார்? உன் பதில் வந்த அன்றே பெர்சியிடம் போவேன். வேலியைத் தள்ளிப் போட முளைக்கட்டைகள் சீவி வைத்துவிட்டேன். எனிட் இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை, ஆனால் தடுக்கவும் இல்லை.

உன் தம்பி,
வில்ஃப்

* * *

ஒன்டாரியோ
11 ஆகஸ்ட் 1976

அன்புத் தம்பி வில்ஃபுக்கு,

முளைக்கட்டைகளைத் தூக்கி அடுப்பில் போடு! இந்த வரியைப் படித்துவிட்டு உட்கார். பிறகு மீதியைப் படி.

அறுபத்து நான்கு வயதில் ஒரு திருட்டை ஒப்புக்கொள்கிறேன். தாத்தாவின் திருட்டு அல்ல, என்னுடையது. நான் அன்று நம் வயலில் நிற்கவே இல்லை. ஹாலட் வீட்டுத் தோட்டத்தில், வேலியோரம் நிற்கிற அந்தப் பெரிய பேரி மரத்துக்கு அடியில் நின்றேன். ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிக்கு வயிற்றுவலி என்று பொய் சொல்லிவிட்டு, அவர்கள் எல்லோரும் தேவாலயத்தில் இருக்கிற நேரம் பார்த்துப் பேரிக்காய் திருடப் போயிருந்தேன். பாவாடையில் பதினொரு காய்கள். அப்பா "எங்கே நின்னு பாத்தே?" என்று பெல்ட்டில் கை வைத்துக்கொண்டு கேட்டபோது, "நம்ம வயல்லப்பா" என்றேன். வேறென்ன சொல்வேன், சொல்லு?

தாத்தா என்னிலிருந்து பத்தடி தூரத்தில் இருந்தார். அந்தப் பக்கம்தான் வில்ஃப். ஹாலட் வீட்டுப் பக்கம். பள்ளம் அங்கேதான் இருந்தது. அதைத் தாண்டித்தான் நான் மரத்துக்குப் போனேன், முழங்காலைச் சிராய்த்துக்கொண்டேன், தழும்பு இன்னும் இருக்கிறது. எந்தப் பக்கம் என்பது ஒரு விஷயம் என்று எனக்கு யாருமே சொன்னதில்லையே! உன் கடிதத்தைச் சமையலறையில் நின்றபடியே படித்தேன். ஒரு பயந்த பிள்ளை சொன்ன பொய்யை நானே ஐம்பத்தைந்து வருடம் பிடித்துக்கொண்டு, செத்துப்போன மனிதரை ஊர் முன்னால் திருடர் என்று சொல்லியிருக்கிறேன். கடவுளே.

இன்னொன்று. அவர் வேலியில் ஒரு வழி வெட்டியிருந்தார். அவர் வந்து போக வெட்டியது என்றுதான் அப்போது நினைத்தேன். இப்போது கண்ணை மூடிப் பார்த்தால் அது ஆள் நுழைகிற வழி இல்லை. அதில் மாடு நுழையும். சரியாகப் பேரி மரத்துக்கு நேர் எதிரே. போய்ப் பாரடா. எனக்கு என்னவோ தோன்றுகிறது, எழுதத் தைரியம் வரவில்லை.

மன்னித்துவிடு என்று கேட்க வாய் வரவில்லை, அவ்வளவு பெரிய தப்பு. ஆனாலும் கேட்கிறேன்.

உன் அக்கா,
ஹெஸ்டர்

* * *

நெதர்கோம்ப்
5 செப்டம்பர் 1976

என் அன்பு அக்காவுக்கு,

மழை பெய்கிறது! ஒரு வாரமாக விட்டுவிட்டுப் பெய்கிறது. கூரை மூன்று இடத்தில் ஒழுகுகிறது, எனிட் வாளி வைத்துக்கொண்டே சிரிக்கிறாள். ஆனால் நான் சொல்லவந்தது மழைக்கு முந்தைய கதை.

உன் கடிதம் 20ஆம் தேதி வந்தது. அதைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு பெர்சி வீட்டு வாசலுக்குப் போனேன். அவன் கதவைப் பாதிதான் திறந்தான்.

"ஊத்தை எழுதிக் குடுக்க வந்தியா?"

"உன் வயலைப் பாக்க வந்தேன். பாத்துட்டு, நியாயம் எதுவோ அதைச் செய்றேன்."

இரண்டு பேரும் வயலுக்கு நடந்தோம். அவன் நிலத்தில் நான் கால் வைத்து எத்தனை வருடமோ. வேலிக்கு அந்தப் பக்கம் போய்ப் பார்த்தால், அக்கா, அங்கே எழுதியே வைத்திருந்தது! மேய்ச்சல் எல்லாம் கருகிக் கிடக்க, வேலியை ஒட்டி நெடுக ஒரே பச்சைக் கோடு. பழைய பள்ளத்து மண்ணில் இன்னும் ஈரம் இருந்திருக்கிறது, அதில் மட்டும் புல் செத்துப்போகவில்லை. இந்தக் கோடையில் காய்ந்ததால்தான் அது தெரிந்தது. தினமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் பெர்சி இருந்திருக்கிறான். பள்ளம் எந்தப் பக்கம் என்று அவனுக்கு நான் சொல்லவேண்டியதில்லை, அவனும் விவசாயி. அவன் முகம் இறங்கிவிட்டது.

"சரி, வேலி உங்களுது. ஊத்தும் உங்களுது" என்றான். "தெரிஞ்சேதான் ரெண்டு வாரமா வாயத் தெறக்கல. போ, போய்ச் சிரி."

சிரிக்க எனக்கு என்ன இருக்கிறது? பச்சைக் கோட்டையே பார்த்துக்கொண்டு நடந்தேன். பேரி மரத்துக்கு எதிரே அது நின்றுபோனது. பத்துத் தப்படிக்குச் சுத்தமாகக் காய்ந்த புல், பிறகு மறுபடியும் பச்சை. அதற்கு நேரே வேலியில் முட்செடியே இல்லை. எங்கே சந்து விடுகிறோமோ அங்கே தானாக வந்து முளைக்கிற எல்டர் செடிதான் நின்றது. பெர்சி தானே போய் மண்வெட்டி எடுத்து வந்தான். ஒரு அடி தோண்டியதும் கல், உடைந்த செங்கல், எல்லாம் கெட்டியாக அடுக்கி மிதித்து இறுக்கியது. செங்கல்லில் நம் பழைய பன்றித் தொழுவத்துச் சுண்ணாம்பு. எல்லையை மறைக்கிறவன் பள்ளம் முழுவதையும் மூடுவான் அக்கா. தாத்தா பத்துத் தப்படிதான் மூடினார். அது மாடு கடக்கிற பாலம்.

பெர்சி மண்வெட்டியை மண்ணில் ஊன்றினான். பிறகு சொன்னான்.

"எனக்கு அப்போ ஆறு வயசு. சர்ச்சுலேருந்து வந்து பாத்தா, எங்க மாடெல்லாம் உங்க ஊத்துல தலைய விட்டுக் குடிச்சுட்டிருக்கு. எங்கப்பாவைக் கேட்டேன். 'அது நம்ம ஊத்துடா, வாய மூடு'ன்னாரு. உங்க தாத்தாவுக்கும் அவருக்கும் பத்து வருஷமாப் பேச்சு இல்ல, கண்காட்சில யாரு பன்னி பெருசுன்னு சண்டை. நன்றி சொல்ல வாய் வரல அந்த மனுஷனுக்கு. அதுக்கு ஊத்தையே நம்மதுன்னுட்டாரு. நான் அதையே புடிச்சுத் தொங்கிட்டு இருந்திருக்கேன்."

"எங்க தாத்தாவும் குடுத்ததை வெளிய சொல்லல. ஞாயித்துக்கிழமை வேலை செஞ்சாருன்னு சர்ச்சுல சொல்லுவாங்களேன்னு பயம்."

"ரெண்டு கெழங்களும் சரியான வீம்பு."

"நாம மட்டும் என்னவாம்?"

அதற்கு அவன் சிரித்துவிட்டான். நானும் சிரித்துவிட்டேன். சிரிக்கச் சிரிக்க எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கமாகப் போய்விட்டது. எல்டரை நாங்களே வெட்டினோம். அன்று மாலை கறவைக்கு முன்னால் அவன் மாடுகள் இருபத்தெட்டும் அந்தப் பாலத்தின் மேல் நடந்து வந்தன. யாரும் ஓட்டவேண்டியிருக்கவில்லை. மழை வருகிறவரைக்கும் எட்டு நாள் இரண்டு வீட்டு மாடும் ஒரே ஊற்றில் குடித்தன. ஊற்றும் ஈடுகொடுத்தது. இனி அந்த வழியை அடைப்பதில்லை, ஒரு படல்கதவு போட்டுவிடலாம் என்று முடிவு.

குடும்ப வரலாற்றை எழுதி முடித்துவிட்டேன். தாத்தாவைப் பற்றி இப்படி: "ஜேபஸ் லோடர், 1921 ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்துக்கு வராமல், பேச்சுவார்த்தை இல்லாத பக்கத்து வீட்டு மாடுகளுக்காகத் தன் வேலியை வெட்டித் தன் பள்ளத்தை மூடினார்." பாதிரியார் "தேவாலயத்துக்கு வராமல்" என்பதை எடுத்துவிடலாமா என்றார். முடியாது என்றேன். கீழே 'சாட்சி: ஹெஸ்டர், வயது ஒன்பது' என்று போட்டிருக்கிறேன்.

மன்னிப்பு என்று எழுதியிருந்தாயே. ஒன்பது வயதில் சொன்ன பொய்க்கு நான் யார் மன்னிக்க? அப்பா கையில் பெல்ட் இருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். வாசற்படியை மிதிக்காதே என்று நான் சொன்னபோது எனக்கு நாற்பத்திரண்டு வயது. மன்னிப்பு நான்தான் கேட்கவேண்டும், கேட்கிறேன். அறுவடைத் திருநாள் அக்டோபர் 3. உன் அறைக்கு எனிட் திரைச்சீலை தைத்துவிட்டாள். நீ வருகிறாய்.

பேரிக்காய் விஷயத்தைப் பெர்சியிடம் சொல்லிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. விழுந்து விழுந்து சிரித்தான். அந்த மரம் இன்னும் நிற்கிறது, இந்த வறட்சியிலும் காய்த்திருக்கிறது. உனக்கென்று பதினொரு காய்களை விட்டுவைத்திருக்கிறான். "உங்க அக்காவை இந்த வாட்டியாவது வாசல் வழியா வரச் சொல்லு" என்றான்.

உன் வரவுக்குக் காத்திருக்கும் தம்பி,
வில்ஃப்