தோற்றவன் கொண்டுபோன சால்வை

பனி ஊரில் கண்மூடிய என் மச்சான் தணிகாசலத்துக்கு,

நீ போய்ச் சேர்ந்த இடத்தில் தேர்தல் உண்டா? இருந்தால் அங்கேயும் நின்றிருப்பாய், அங்கேயும் ஒருமுறையாவது தோற்றிருப்பாய். நானும் இங்கே தோற்றுவிட்டேன். ஒன்றியக் கவுன்சிலர் தேர்தலில், நம் ஜெயராமனிடம். தோற்றதுகூடப் பரவாயில்லை மச்சான். தோற்ற மறுநாள் உன் பேச்சை நம்பி ஒரு காரியம் செய்தேன் பார், அதனால் இன்று டீக்கடைப் பக்கம் தலைகாட்ட முடியவில்லை. நீ உயிரோடு இருந்திருந்தால் போன் போட்டு நன்றாகத் திட்டியிருப்பேன். அதற்கும் வழியில்லாமல் பண்ணிவிட்டுப் போய்விட்டாய்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக உன் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள். மரக்காணம் உப்பளத்தில் பாத்தி மிதித்தவரின் மகன் நீ. வாத்தியார் வேலைக்குக் கனடா போனாய். முதலில் பள்ளிக்கூட வாரியத்துக்கு நின்றாய், பிறகு மாகாணச் சட்டசபைக்கே போய்விட்டாய். அந்த மாகாணத்தின் பெயர் நம் ஊரில் யார் வாயிலும் நுழையவில்லை. அதனால் உனக்குக் ‘கனடா எம்.எல்.ஏ.’ என்றே பேர் வைத்துவிட்டார்கள்.

உன் கட்சிதான் ஆட்சியில் இருந்தது. உனக்கு மந்திரி பதவி என்றுகூடப் பேச்சு வந்தது. அந்த நேரம் பார்த்து, உன் தொகுதியில் ஒரு சின்ன ஊரின் ஆஸ்பத்திரியை உன் அரசாங்கமே மூடியது. நீ எழுந்து அதை எதிர்த்து ஓட்டுப் போட்டாய். மந்திரி பதவி போச்சு, கடைசி வரிசையில் உட்கார வைத்தார்கள். அடுத்த தேர்தலில் அதே ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த நர்ஸம்மா ஒருத்தி, உன் கட்சி மேல் இருந்த கோபத்தில், உன்னை எதிர்த்தே நின்று ஜெயித்துவிட்டாள். எந்த ஆஸ்பத்திரிக்காக உன் பதவியை விட்டாயோ, அந்த ஆஸ்பத்திரிக்காரியே! எனக்கு இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது. உனக்கு ஏன் எரியவில்லை?

சுனாமி வந்த அடுத்த மாதம் நீ வந்தாயே, அது கண்ணிலேயே நிற்கிறது. திண்டிவனத்திலிருந்து டவுன் பஸ்ஸில், ஒரு தோள்பையோடு இறங்கினாய். தோற்றிருந்தாலும் எம்.எல்.ஏ. என்றால் பின்னால் நாலு சுமோ வரும் என்று காத்திருந்த கூட்டத்துக்குச் சப்பென்று போய்விட்டது. அனுமந்தைக்குப் போய்ப் படகு உடைந்தவர்களோடு உட்கார்ந்துவிட்டு, சேறு ஏறிக் கிடந்த நம் உப்பளத்துக்கு வந்தாய். உங்கள் ஊரில் பனி உருக ரோட்டில் உப்பைக் கொட்டுவார்கள் என்று நீ சொன்னதும், உப்புச் சுமக்கிற கன்னியம்மா சண்டைக்கே வந்துவிட்டாள். “நாங்க தாகத்துல செத்து செத்துச் சுமக்கறத ரோட்டுலயா கொட்றீங்க? நல்லா இருக்குதுபா ஒங்க ஊரு!”

அந்த வரப்பில் வைத்துத்தான் நீ தோற்ற கதையைச் சொன்னாய். முடிவு வந்த அன்றைக்கே நர்ஸம்மாவின் ஆபீசுக்குப் போய்க் கைகுலுக்கி வாழ்த்துச் சொன்னாயாம். ஜெயராமனும் அங்கேதான் நின்றிருந்தான்.

“ஏம்பா, ரோஷமே இல்லியா ஒனக்கு? தோக்கடிச்சவ வூட்டுக்கா போவாங்க?” என்றான்.

நீ சிரித்துக்கொண்டே சொன்னாய்: “அவ ஜெயிச்சிட்டா எனக்கும் அவதாம்பா மெம்பரு. நாளைக்கு என் தெருவுல பனி அள்ளலன்னா நான் அவகிட்டதானே போயி நிக்கணும்? சண்டை போட்டுக்கினா யாருக்கு நஷ்டம்?”

கட்சி வேறு என்றால் கல்யாணத்துக்கும் போகாமல் சாவுக்கும் போகாமல் இருக்கிற ஊர் மச்சான் இது. அப்படிப்பட்ட இடத்தில் இப்படி ஒரு பேச்சைப் போட்டுவிட்டுப் போனாய். இந்த மாசியில் நீ இறந்தபோது, உன்னைக் கட்டிய என் தங்கச்சி போனில் அழுதுகொண்டே சொன்னது, அந்த நர்ஸம்மா உன் அடக்கத்துக்கு வந்து, உன்னைப் பற்றி நாலு வார்த்தை பேச எழுந்து, பேச முடியாமல் அழுதாளாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குள் என்னவோ ஆகிவிட்டது.

நான் தேர்தலில் நின்றது ஒரே காரியத்துக்கு. உப்பளத்துப் பொம்பளைகளுக்குக் குடிதண்ணீர் குழாய். ரோட்டிலிருந்து குடத்தில் தூக்கிப் போகிற தண்ணீர் மத்தியானத்துக்குள் வாய் வைக்க முடியாதபடி சுட்டுவிடுகிறது. தை பிறந்தால் மறுபடியும் உப்பு வேலை தொடங்கும், அதற்குள் குழாய் வரும் என்று வாக்குக் கொடுத்துத்தான் ஓட்டுக் கேட்டேன். தோற்றேன்.

மறுநாள் காலையில் ஒரு வெள்ளைச் சால்வை வாங்கிக்கொண்டு ஜெயராமன் வீட்டுக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் வாசலில் இருந்தவர்கள் கேட்டை இழுத்துச் சாத்தினார்கள், தகராறுக்கு வந்திருக்கிறேன் என்று. வாழ்த்துச் சொல்ல வந்தேன் என்றேன். ஒருவனை ஒருவன் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் என்ன நடந்தது என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. என் சால்வையை யாரோ வாங்கிக்கொண்டார்கள். என் தோளில் அவர்கள் கட்சித் துண்டு விழுந்தது. வேட்டு வெடித்தது. ஒருத்தன் போட்டோ எடுத்தான்.

அடுத்த நாள் பேப்பரில் வந்துவிட்டது, நான் அவர்கள் கட்சியில் ஐக்கியமாகிவிட்டேன் என்று! சாயங்காலமே என் கட்சியிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். இத்தனை வருஷம் போஸ்டர் ஒட்டியவனை, ஒரு வார்த்தை கேட்காமல். உனக்கும் எனக்கும் ஊர் வேறாக இருந்தாலும் பாடு ஒன்றுதான், அங்கே கடைசி வரிசை, இங்கே வாசலுக்கு வெளியே. என் வீட்டுக்காரி சரஸ்வதியோ, “கனடாவுல ஜெயிச்சவங்க கைகுடுப்பாங்க, இங்க துண்டுதான் போடுவாங்க. இதுகூடத் தெரியாம இன்னாத்துக்கு எலெக்ஷன்ல நின்னே?” என்று கேட்டாள்.

வீட்டுக்குள்ளேயே கிடந்தேன். ஒரு நாள் கன்னியம்மா நாலைந்து பொம்பளைகளோடு வந்து நின்றாள்.

“அண்ணே, நீதான் அங்க சேந்துட்டியே. தண்ணிக்குச் சொல்லேன்.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. “நான் எங்கியும் சேரல!”

“சேரலியா? அப்ப எதுக்குப் போன?”

“ஜெயிச்சவனுக்கு வாழ்த்துச் சொல்ல.”

“அவ்ளோதானா? அப்ப நல்லதாப் போச்சு. வாழ்த்துன மனுஷன் கேட்டா இல்லன்னு சொல்வானா? எழுந்திரு.”

அவள் பின்னால் போனேன் மச்சான், வேறு என்ன செய்ய? ஜெயராமன் கட்சி ஆட்கள் நடுவில் உட்கார்ந்திருந்தான். “ஒனக்கு ஓட்டுப் போட்டவங்களத்தானே கூட்டிக்கினு வந்திருக்க? ஒன் கட்சிக்கிட்ட போயி தண்ணி கேளு” என்றான்.

“எனக்குத்தான் கட்சியே இல்லாம பண்ணிட்டியே” என்றேன். “நீ ஜெயிச்சிட்ட. எனக்கும் நீதான் கவுன்சிலரு, இவங்களுக்கும் நீதான். வேற யாருகிட்ட போயி நிக்கறது?”

உன் வார்த்தைதான். அவனுக்கும் அது ஞாபகம் வந்திருக்க வேண்டும், முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. “பாக்கலாம்” என்றான். இந்தப் ‘பாக்கலாம்’ எத்தனை பார்த்தாயிற்று என்று முனகிக்கொண்டே நான் திரும்பினேன். கேட் வரை அவன் கூடவே வந்தான். ஆட்கள் காதில் விழாதபடி கேட்டான்.

“ஒன் மச்சான் சாவுக்கு அந்தம்மா நெஜமாவே வந்து அழுதாங்களா?”

“அழுதாங்க.”

கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். “நான் செத்தா நீ வருவியா?”

“மொதல்ல தண்ணிய வுடு. அப்புறம் பாக்கலாம்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

குழாய் இன்னும் வரவில்லை. மழை பெய்துகொண்டிருக்கிறது, உப்பளம் முழுக்கத் தண்ணீர், குடிக்க மட்டும் ஒரு சொட்டு இல்லை. உன்மேல் கோபமும் தீரவில்லை. ஆனாலும் உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். குழாய் வருகிறவரை வாரா வாரம் கன்னியம்மாவோடு அவன் வாசலில் போய் நிற்பேன். துண்டு போட்டால் கையோடு எடுத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு நிற்பேன். அடுத்த தேர்தலில் கட்சி இல்லாமல் நிற்பேன், தோற்றால் மறுபடியும் ஒரு வெள்ளைச் சால்வை வாங்குவேன். ஜெயராமனுக்கு நான் சொல்லாத பதிலை உனக்குச் சொல்கிறேன். தண்ணீர் விட்டாலும் விடாவிட்டாலும், அவன் சாவுக்குப் போவேன்.

கட்சி போனாலும் முறை போகாத,
உன் அத்தை மகன்
கலிவரதன்