மூன்றாம் ஓலை

13-10-43, புதன்
விடியுமுன் தூறல். பிறகு வெறும் மூட்டம். தல்லாகுளத்திலிருந்து கிளம்பியாச்சு, நானும் தவமணியும் (இனி த.). பள்ளிக்கூட லீவு. சைக்கிளிலேயே குமுளி மலை ஏறி, பெரியாற்று ஏரி பார்த்து வருவது. அவன் ஆசை. கல்யாணம் ஆயிட்டா உன் தங்கச்சி விடமாட்டா மச்சான் என்கிறான். ஜெயம் விடமாட்டாள்தான்.

அம்மாவுக்கு மனசே இல்லை. வேதக்கோயிலில் ஐயர் இரண்டு கல்யாண ஓலை வாசித்தாயிற்று. வருகிற ஞாயிறு மூன்றாவது, கடைசி. "ஓலை வாசிச்ச மாப்பிள்ளை ஊர் எல்லை தாண்டக் கூடாதுடா. சொன்னா கேக்குறீகளா?" சனிக்கிழமை மலை இறங்கி, கம்பத்தில் கரியில் ஓடும் பஸ்ஸில் சைக்கிளை ஏற்றி ராத்திரிக்குள் வந்துவிடுவோம் என்றேன். ஞாயித்துக்கிழமை முன் பெஞ்சுல என்னையப் பாருங்க அத்தே, இது த. ஜெயம் புளிச்சோறு கட்டிக் கொடுத்தாள்.

எடுத்துக்கொண்டது: பம்பு, ஒட்டுப் பசை, ஆளுக்கொரு மாற்று வேட்டி, கயிறு, ஜெபப் புஸ்தகம் (அம்மா திணித்தது).

த. வண்டியில் பிரேக் கட்டை தேய்ந்துபோச்சு. யுத்தத்தில் ரப்பருக்கு எங்கே போக? பழைய டயரை அறுத்து மாட்டியிருக்கிறான். "இம்புட்டுப் போதும் மச்சான்."

உசிலம்பட்டியில் காப்பி. சீனி கிடையாதாம், கருப்பட்டி. ஆண்டிபட்டிக் கணவாய் ஏற்றம் தள்ளிக்கொண்டே. இறக்கத்தில் அவன் பிரேக் கிறீச்சென்று கத்திக்கொண்டே வந்தது. எனக்குப் பிடிக்கவில்லை. தேனியில் தங்கல்.

14, வியாழன்
கம்பம். முழங்கால் விண்விண். நாள் முழுக்க எதிர்க்காற்று. மேற்கே மலை இருக்கிற இடமே தெரியவில்லை, ஒரே மேகம்.

சாப்பாட்டுக் கடையில் ஒரு லாரி கிளீனர். த. வண்டியைக் குனிந்து பார்த்தான். "அண்ணே, இந்தப் பிரேக்க நம்பியா மலைக்குப் போறீக? எறங்கையில நல்ல மரக்கொப்பா வெட்டி, பின்னாடி கயித்துல கட்டி இழுத்துக்கிட்டே வாங்க. வண்டி தறிகெட்டு ஓடாது. இங்க எல்லாரும் அப்படித்தான். கட்டாம போனவுகளத் தூக்கிட்டு வந்திருக்கோம்." த. சிரித்தான். நான் சிரிக்கவில்லை. கயிறு இருக்கிறதா என்று பையைத் திறந்து பார்த்துக்கொண்டேன்.

15, வெள்ளி
மலை அடிவாரத்தில் ரோட்டோரம் பெரிய கொப்புக் குவியல். இறங்கி வருகிறவர்கள் அவிழ்த்துப் போட்டுப் போவது. இரண்டு பொம்பளைகள் விறகுக்குப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். த. பார்த்துவிட்டு, "நாளைக்கு நம்ம கொப்பும் உங்களுக்குத்தான் ஆத்தா" என்றான். அவர்கள் சிரிப்பு.

வளைவுக்கு வளைவு தள்ளல். அட்டை. குளிர். மேலே போய் ஏரி பார்த்தாச்சு. தண்ணீருக்குள் பட்ட மரங்கள் கருப்பாக நிற்கின்றன, இலை ஒன்றுகூட இல்லை. த. கரையில் குந்திப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "அத்தை பேச்சக் கேட்டிருக்கலாமோ மச்சான்" என்றான். போடா கிறுக்கா என்றேன். எனக்கும் அதே நினைப்புதான்.

16, சனி
கம்பம் ஆஸ்பத்திரி வராந்தா. சாயங்காலம். எழுதாமல் இருக்க முடியவில்லை.

காலையில் மழை விட்டிருந்தது. ரோடு ஈரம். ஆளுக்கொரு கொப்பு வெட்டிக் கட்டினோம். அவன் முடிச்சை நானே இழுத்துப் பார்த்தேன். நான் முன்னால், அவன் பின்னால். அவன் கொப்பு ரோட்டில் சரசரவென்று வருவது கேட்டுக்கொண்டே இருந்தது, தைரியமாக இருந்தது. எந்த வளைவில் நின்றதென்று தெரியவில்லை. என் கொப்புச் சத்தத்தையே அவனுடையது என்று நினைத்திருப்பேன்.

குவியல் பக்கம் அவிழ்த்துப் போட்டுவிட்டு நின்றேன். அதே பொம்பளைகள். "கூட வந்தவுக எங்க?" வாரான் என்றேன். வரவில்லை. மேலே நடந்தேன்.

ரோட்டு வேலைக்காரர்கள். மேஸ்திரி எழுந்து வந்தார். "புதுசா சரளை போட்ட இடம் சார். கொப்பு இழுத்தா வாரிக்கிட்டுப் போயிரும். அவுத்துப் போட்டுட்டு உருட்டிக்கிட்டுப் போங்கன்னேன். தம்பி மறுபேச்சுப் பேசல."

என்னை ஏன் நிறுத்தவில்லை?

"நீங்க போகையில நாங்க கஞ்சி குடிச்சுக்கிட்டிருந்தோம் சார்."

கொப்பு ஓரமாகக் கிடந்தது. சரளை தாண்டியதும் மறுபடி கட்டியிருக்க வேண்டும். கட்டவில்லை. கயிற்றை மட்டும் சுருட்டி எடுத்துக்கொண்டு ஏறியிருக்கிறான். என்னை எட்டிப் பிடிக்க நினைத்தானோ என்னவோ.

திரும்பி இறங்கினோம். இரண்டு வளைவு கீழே கைப்பிடிச் சுவர் இடிந்திருந்தது, ஏறும்போது நான் கவனிக்கவில்லை. கீழே சைக்கிள். அதற்கும் கீழே அவன். மேஸ்திரியும் ஆட்களும்தான் தூக்கினார்கள். கரி லாரியில் இங்கே.

தலையில் அடி. மூச்சு இருக்கிறது. கூப்பிட்டால் திரும்பவில்லை. டாக்டர், "விடியட்டும் பார்க்கலாம்." தந்தி ஆபீசு மூடியாச்சு. பஸ் போய்விட்டது. ஜெயத்தின் முகத்தை எப்படிப் பார்ப்பேன். கர்த்தாவே, அவனை எங்களுக்கே விட்டுவிடும்.

17, ஞாயிறு
வானம் துப்புரவாக வெளுத்திருக்கிறது. மலை முழுசாகத் தெரிகிறது.

விடியும்போது த. இறந்துபோனான்.

தந்தி ஆபீசு பூட்டு. ஞாயிற்றுக்கிழமை. குமாஸ்தாவைத் தேடி ஆள் போயிருக்கிறது, இன்னும் வரவில்லை. அவன் வேட்டி மடிப்பில் கயிறு இருந்தது, நர்சம்மா கொண்டுவந்து கொடுத்தார்கள். நன்றாகச் சுருட்டி வைத்திருக்கிறான்.

இங்கே எங்கேயோ கோயில் மணி அடிக்கிறது. மதுரையிலும் இதே நேரந்தான். முன் பெஞ்சு காலி. பஸ் கிடைக்கவில்லை போல என்று பேசிக்கொள்வார்கள். ஜெயம் முக்காட்டுக்குள் குனிந்திருப்பாள். அம்மா வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பாள். ஐயர் ஓலையில் இரண்டு பேருடைய பெயரையும் வாசித்துவிட்டு, இந்த விவாகத்துக்குத் தடை அறிந்தவர் யாராவது இருந்தால் இப்போது சொல்ல வேண்டும் என்று நிறுத்துவார்.

யாரும் எழுந்திருக்கமாட்டார்கள். தெரிந்தவன் நான் ஒருத்தன், இங்கே உட்கார்ந்திருக்கிறேன்.