ரபீகா வீட்டு மேல்மாடி

ஜூன் 9

இன்று முழுக்க மழை. கொடியில் கிடந்த துணியை எடுத்து மறுபடியும் அறைக்குள் விரித்துப்போட்டேன்.

தலவாக்கலையில் இருந்தவரை கவிஷாவின் பள்ளிக்கூடத்தைப் பற்றி யோசித்ததே இல்லை. டவுனில் இருப்பது ஒன்று, எல்லாப் பிள்ளைகளும் அதற்குத்தான். இவருக்கு வேலை மாற்றம் கிடைத்துக் கண்டிக்கு வந்த நாளிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை. வருகிற ஜனவரியில் அவளுக்கு முதலாம் வகுப்பு. பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதென்றால் அதற்கும் வீட்டுக்கும் உள்ள தூரத்துக்குப் புள்ளி. எத்தனை வருடமாக அந்த வீட்டில் இருக்கிறோம் என்பதற்குப் புள்ளி. நேற்று வந்தவர்களுக்கு யார் புள்ளி போடுவார்கள்?

மஹய்யாவையில் நாங்கள் இருக்கும் வாடகை வீட்டிலிருந்து இரண்டு வளைவு ஏறினால் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடம். சின்னது. கேட்டால் இடம் கொடுப்பார்கள்.

"அங்க சேக்கிறதுக்கா மலைய விட்டு எறங்கி வந்தோம்?" என்கிறார் இவர்.

ஜூன் 14

பக்கத்து வீட்டு அன்னலட்சுமி மாநகரசபையில் வீதி பெருக்கும் வேலை செய்கிறாள். அவளுடைய மகன் அந்தச் சின்னப் பள்ளிக்கூடத்தில்தான் படிக்கிறான். இன்று குழாயடியில் பிடித்துக்கொண்டாள்.

"கண்டிக்கு வர்றவங்க தலதா மாளிகைய பாப்பாங்க, பெரஹரா பாப்பாங்க. நீங்க என்னக்கா, ஊர்ல உள்ள பள்ளிக்கூடமா பாத்துக்கிட்டு திரியிறீங்க?"

சிரித்தேன்.

"எங்க பள்ளிக்கூடத்தையும் ஒருநா வந்து பாருங்க. கடிக்காது."

அதற்கும் சிரித்தேன். போகமாட்டேன் என்று அவளுக்கும் தெரியும். ஏன் போகவில்லை? தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள் நான். தோட்டப் பள்ளிக்கூடத்தில் தரையில் உட்கார்ந்து எழுதினேன். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் முதல் வாரம், எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டவளுக்குப் பெயரைச் சொன்னதும், "அது எங்க இருக்கு?" என்று கேட்டாள். அவள் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வி கவிஷாவுக்கு வரக்கூடாது. அவ்வளவுதான். வேறு காரணம் எதுவும் இல்லை.

இல்லையா? பெருக்குகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள் என்று ஒரு தடவையாவது நான் நினைக்கவில்லையா?

ஜூன் 18

ரபீகா வந்தாள். பேராதனையில் ஒரே விடுதி, ஒரே அறை. அப்போதிருந்தே என் தலைவலிகளுக்கெல்லாம் மருந்து அவளிடம் இருக்கும். அவளுக்கும் பிள்ளை நாற்பதை ஒட்டித்தான் கிடைத்தது. அவளுடைய இல்மாவும் கவிஷாவும் ஒரே வயது. ரபீகாவின் வீடு டவுனில், இவர் ஆசைப்படும் பெரிய பெண்கள் பள்ளிக்கூடத்தின் மணி கேட்கும் தூரத்தில்.

"எங்கட மேல்மாடி சும்மாத்தானே ஈக்கிது. நீங்க மூணு வருஷமா வாடகைக்கு ஈக்கிறதா முஹ்ஸின் எழுதித் தருவாரு. எல்லாரும் செய்யிறதுதானே."

"பிடிபட்டா?"

"யாரு பிடிக்கப் போற? ரெண்டு புள்ளைகளும் ஒண்டா போகட்டும். எனக்கும் நிம்மதி."

இவருடைய முகம் பல நாளைக்குப் பிறகு மலர்ந்தது. ரபீகாவின் கணவர் முஹ்ஸினுக்குத் தொலைபேசியில் நன்றி சொல்லிச் சொல்லி ஓயவில்லை.

நான் சரி என்றேன். இதை எழுதி வைக்கிறேன். நான்தான் சரி என்றேன்.

ஜூன் 27

ரபீகா வீட்டு விலாசத்தில் அந்தப் பெரிய பள்ளிக்கூடத்துக்கும் வேறு சிலவற்றுக்கும் விண்ணப்பம் தபாலில் போட்டாயிற்று.

ஆகஸ்ட் 21

நேர்முகம் முடிந்தது. ஒன்றும் கேட்கவில்லை. இனி வீடு பார்க்க வருவார்களாம். எப்போது என்று சொல்லமாட்டார்கள்.

ஆகஸ்ட் 25

மேல்மாடியை வீடாக்கினோம். பாய், தலையணை, இரண்டு கதிரை, அடுப்பு. ரபீகா தன் மாமியாரின் பழைய அலுமாரியை மேலே ஏற்றினாள். குளியலறையில் பல்தூரிகைகள். கவிஷா வரைந்த யானையைச் சுவரில் ஒட்டினேன். பார்த்தால் நானே நம்பிவிடுவேன்.

சாமி படம் இல்லாத வீட்டை யாரும் நம்பமாட்டார்கள் என்று இவர் சொன்னார். ரபீகாவிடம் கேட்கவே நாக்கு எழவில்லை. அது அவளுடைய வாப்பா கட்டிய வீடு. கீழே தொழுகிறார்கள். அவளே சொன்னாள்:

"கொண்டு வந்து மாட்டு. அல்லாஹ்வுக்குத் தெரியும் என்னத்துக்கெண்டு. வெளக்கு கொளுத்திறதெண்டாலும் கொளுத்து. நான் ஒண்டும் நெனைக்கமாட்டேன்."

முருகன் படத்தை மாட்டினேன். கீழே விளக்கு வைத்தேன். ஏற்றவில்லை. அவள் இவ்வளவு இடம் கொடுத்த பிறகு, அவள் வீட்டில் சாம்பிராணி போட எனக்கு மனம் வரவில்லை.

கவிஷாவுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். "வீடு எங்கே?" என்றால் ரபீகா வீட்டு இலக்கம், வீதிப் பெயர். பாட்டு மாதிரிச் சொல்கிறாள்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

வந்தார்கள். பகல் முழுக்க அங்கேயே காத்திருந்து அலுத்து, எழும்பிப் போகலாமா என்று இருந்தபோது. இரண்டு ஆசிரியைகள், ஒருவர் சிங்களம், ஒருவர் தமிழ். நெற்றியில் பெரிய பொட்டு. முதலில் கீழே ரபீகாவிடம் போய்விட்டுப் பிறகு மேலே வந்தார்கள்.

கவிஷாவிடம் கேட்டார்கள். ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னாள். "எங்க தூங்குவீங்க?" என்று கேட்டதற்குப் பாயைக் காட்டி, "அப்பா குறட்டை விடுவாங்க" என்றாள். அதை நாங்கள் சொல்லிக் கொடுக்கவில்லை. சிங்கள ஆசிரியை சிரித்துவிட்டார். என் பிள்ளை இவ்வளவு அழகாகப் பொய் சொல்வாள் என்று எனக்குத் தெரியாது.

போகிற நேரம் தமிழ் ஆசிரியை படத்துக்கு முன்னால் நின்றார்.

"வெள்ளிக்கிழம. வெளக்கு ஏத்தலையா?"

"இனித்தான், மிஸ்."

அவர் குனிந்து பார்த்தார். நானும் அப்போதுதான் பார்த்தேன். திரி பால் மாதிரி வெள்ளையாக இருந்தது. படத்தில் ஒரு துளி குங்குமம் இல்லை. சுவரில் புகை படவே இல்லை. மூன்று வருடம்.

அவர் "வர்றோம்" என்று இறங்கிப் போனார்.

ஆகஸ்ட் 31

"ஒரு வெளக்கு. ஒரு நெருப்புக்குச்சி. அவங்களே ஏத்தச் சொல்லியும் நீ ஏத்தல. இதுல போய் மரியாத பாத்தியா?" என்று கேட்டார் இவர்.

பொய்க்குள் நின்றுகொண்டு மரியாதை பார்த்தவள் நான்தானே.

அக்டோபர் 11

தற்காலிகப் பட்டியல் ஒட்டிவிட்டார்கள். கவிஷாவின் பெயர் இல்லை. அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. பாரம் இறங்கிய மாதிரித்தான் இருந்தது.

பின்னேரம் ரபீகா தொலைபேசியில் அழைத்தாள்.

"இல்மாட பேரும் இல்ல."

அக்டோபர் 14

ரபீகா பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கேட்டிருக்கிறாள். அந்த விலாசமே சந்தேகமாம். ஒரே வீட்டிலிருந்து இரண்டு விண்ணப்பம், ஒன்று பொய்யான குடியிருப்பு, அதற்கு வீட்டுக்காரரே எழுதிக் கொடுத்திருக்கிறார். அப்படியானவர் தன் பிள்ளைக்குக் காட்டியதை மட்டும் எப்படி நம்புவது?

"எங்கட வாப்பா கட்டின வீடு. நான் பொறந்த வீடு. இதில நாங்க ஈக்கல்லயாம்."

"ரபீகா, நான்…"

"நீ ஒண்டும் சொல்லாத. நான்தானே வா எண்டு கூப்பிட்ட."

வைத்துவிட்டாள். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அக்டோபர் 15

மேன்முறையீட்டு விசாரணை அடுத்த வாரம். நான் போய் உண்மையைச் சொன்னால் இல்மாவுக்கு வழி பிறக்கலாம்.

இவர் எழும்பி நின்றுவிட்டார். "வாயாலயே நாங்க பொய் சொன்னோம்னு போய் சொல்லப் போறியா? எழுதிப் போட்ட மத்த பள்ளிக்கூடமும் கையவிட்டுப் போயிரும். கேஸ் போட்டாங்கன்னா என் வேலை?"

"இல்மா?"

"அவங்களுக்கு ஆள் இருக்கு. யாரையாவது புடிச்சிக்குவாங்க."

"நமக்காகத்தானே அவங்க கையெழுத்துப் போட்டாங்க."

"அது எனக்குத் தெரியாதா?" என்று கத்தினார். அப்புறம் மெதுவாக, "என் புள்ளைக்கு ஒரு நல்லது செய்யணும்னு நெனச்சேன். அவ்வளவுதானே" என்றார்.

அவரை என்னால் வெறுக்க முடியவில்லை. ஜூன் மாதம் நானும் அதையேதான் நினைத்தேன்.

அக்டோபர் 22

போனேன். இவரும் வந்தார். வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். வெளியே மரத்தடியில் நின்றார், உள்ளே வரவில்லை.

மேசைக்கு அந்தப் பக்கத்தில் அதே தமிழ் ஆசிரியை. நான் மஹய்யாவையில் இருக்கிறேன், மேல்மாடியில் ஒரு இரவுகூடத் தூங்கியதில்லை, கீழே இருப்பவர்கள் அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் என்று சொன்னேன். எழுதித் தரச் சொன்னார்கள். எழுதினேன்.

ஆசிரியை கடைசியாகக் கேட்டார், "ஏன் அன்னிக்கு வெளக்கு ஏத்தல?"

"அவங்க தொழுற வீடு, மிஸ்."

பேனாவை மூடிவிட்டு, நான் எழுதிய தாளை இல்மாவின் விண்ணப்பத்தோடு சேர்த்து வைத்தார்.

நவம்பர் 19

இல்மாவுக்குக் கிடைத்துவிட்டது. முஹ்ஸின் நானா இவருக்கு ஒரு வரி அனுப்பியிருந்தார். எங்கள் விண்ணப்பம் முழுதாகத் தள்ளுபடி. எழுதிய எல்லாப் பள்ளிக்கூடமும் போயிற்று. கேஸ் ஏதும் இல்லை, இதுவரை.

ரபீகா அழைக்கவில்லை. நானும் அழைக்கவில்லை.

டிசம்பர் 2

முஹ்ஸின் நானா சாமான்களை ஓட்டோவில் ஏற்றி அனுப்பியிருக்கிறார். முருகன் படம் ஒரு புதுத் துவாயில் சுற்றியிருந்தது. அந்த மடிப்பு ரபீகாவின் கை. விடுதியில் என் துணிகளையும் அவள்தான் அப்படி மடித்து வைப்பாள்.

இருந்து அழுதேன்.

டிசம்பர் 5

அன்னலட்சுமியின் வாசலில் போய் நின்றேன். "பள்ளிக்கூடத்த பாக்கணும்" என்றேன்.

"கடிச்சா என்னைய கேக்கக்கூடாது" என்று செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள். எப்படி முடிந்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஊருக்கே தெரிந்திருக்கும்.

கூரையில் ஓரிடம் ஒழுகுகிறது. முதலாம் வகுப்பு ஆசிரியை இளம்பெண், கை முழுக்க வர்ணப் பூச்சு. இடம் இருக்கிறது. இது நல்ல பள்ளிக்கூடம்தான் என்று இங்கே எழுத ஆசையாக இருக்கிறது. எனக்குத் தெரியாது.

ஜனவரி 30

முதல் நாள். பெரிய பிள்ளைகள் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார்கள். இவர் அரைநாள் லீவு போட்டிருந்தார். கவிஷாவின் சப்பாத்து நாடாவை இரண்டு தடவை அவிழ்த்துக் கட்டினார்.

ஆசிரியை ஒவ்வொரு பிள்ளையாகப் பெயர் கேட்டார், வீடு எங்கே என்று கேட்டார். எங்கள் தெருப் பிள்ளைகள் கையை நீட்டி ஜன்னலுக்கு வெளியே காட்டினார்கள். கவிஷாவின் முறை வந்தது. பெயரைச் சொன்னாள். பிறகு வகுப்புக்குள்ளிருந்து திரும்பி, கதவடியில் நின்ற என்னைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டாள்:

"அம்மா, எந்த வீட்ட சொல்லணும்?"