உள்ளங்கையளவு மூலை

அன்புள்ள யூலின்,

நீயும் பாப்பாவும் சுகந்தானே? அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? ஷென்ஜென் சாப்பாட்டில் காரம்தான் இல்லை, மற்றபடி நான் நன்றாக இருக்கிறேன்.

நேற்று ஒரு வேடிக்கை. கம்ப்யூட்டரில் மாட்டிப் பேனாவால் வரையும் பலகை, எங்கள் மலிவு விலை டிராயிங் டேப்லெட்; பாட்டுத் தாளத்துக்குத் திரையில் வரும் வட்டங்களை அந்தப் பேனாவால் தொட்டு விளையாடுகிறவர்களும் வாங்குவார்கள் என்று அதை அகலமாக்கினோம் அல்லவா? அப்படி விளையாடும் ஒருவனைக் கூப்பிட்டுக் கொடுத்துப் பார்த்தோம். உள்ளங்கையளவு மூலையிலேயே பேனாவைப் பறக்கவிட்டான்.

"இவ்ளோதாண்ணே வேணும். மிச்சத்துல டீ கிளாஸ வெச்சுக்கலாம்."

"வாங்குவியாப்பா?" என்று கேட்டேன்.

"சின்னதா ஒண்ணு வெச்சிருக்கேனே. அது உடைஞ்சா பாக்கலாம்."

"எப்ப உடையும்?"

"அது எங்கண்ணே உடையுது!"

நான் சிரித்துவிட்டேன். முதலாளி சிரிக்கவில்லை. "அடுத்தத இன்னும் பெருசா போடுவோம்" என்றார். அதனால் இந்தப் புத்தாண்டுக்கும் லீவு இல்லை. அடுத்த புத்தாண்டைப் பற்றிக் கேட்காதே.

உப்பில் ஊறிய மிளகாய் ஒரு பாட்டில் அனுப்பு. மூடியை இறுக்கிக் கட்டு. இத்துடன் ஒரு டேப்லெட் அனுப்பியிருக்கிறேன். அதன் வயரை உன் போனிலும் மாட்டலாம். பாப்பாவாவது முழுசையும் நிரப்பி வரையட்டும்.

ஷிஃப்ட் மணி அடித்துவிட்டது. ஒன்று மட்டும்: அவள் என்னை வரைந்தால், எந்த முகத்தை வரைந்தாலும் அப்பா மாதிரியே இருக்கிறது என்று சொல்லிவிடு.

வென்பின்