மல்லாட்டை பிஸ்கெட்டும் தெள்ளார்க்காரரும்

ஆரணி
12-11-1981

அருகன் துணை.

சுநந்தாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் உன் தங்கை மாலினியும் இருக்கிறோம், அப்பாவுக்குக் கண்ணில் புரை முற்றி ஆள் வருவது தெரிகிறது, மூக்குக்கு நேரே வந்தாலொழிய முகம் தெரிவதில்லை, எழுத்து அடியோடு தெரிவதில்லை, அது தவிர ஒரு குறையுமில்லை. அங்கே உன் சுகத்தை நான் கேட்க வேண்டியதில்லை, சுகமாக இருப்பதற்காகத்தானே ஜைன குலத்தை விட்டுப் பட்டுத்தறிக்காரர் மகன் லோகநாதனோடு அமெரிக்காவுக்குப் போனாய், எட்டு வருஷமாக அதையாவது ஒழுங்காகச் செய்துகொண்டிருப்பாய். உன் கடிதம் வந்தது. தை மாதம் உன் பையனோடு வருவதாகவும், அதற்குள் மாலினி கல்யாணம் கூடிவந்தால் கூடவே இருந்து நடத்திவிட்டுப் போவதாகவும் எழுதியிருந்தாய், அப்பாவுக்கு மல்லாட்டை என்றால் உயிராயிற்றே என்று நீ அங்கே சுடுகிற மல்லாட்டை வெண்ணெய் பிஸ்கெட்டின் செய்முறையையும் தனித்தாளில், மல்லாட்டையை வேர்க்கடலை என்று நாகரிகமாக, எழுதி வைத்திருந்தாய். நீ வருவதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், முதலில் பிஸ்கெட் கதையைக் கேள்.

போன ஞாயிற்றுக்கிழமை மாலினியைப் பெண் பார்க்கத் தெள்ளாரிலிருந்து வந்தார்கள். பையன் பெயர் தரணேந்திரன், வந்தவாசியில் வாத்தியார், அப்பா இல்லை, அம்மா அனந்தம்மாள் வைத்ததுதான் அந்த வீட்டில் சட்டம். இதற்கு முன்னால் வந்த இரண்டு இடமும் உன் கதையைக் கேட்டுவிட்டுத்தான் திரும்பிப் போனது, அதை உனக்கு எழுதாமல் இருந்தேன், இப்போது எழுதுகிறேன், தெரிந்துகொள். மாலினிக்கு இருபத்தெட்டு முடிந்துவிட்டது. வருகிறவர்களுக்கு அக்கா எழுதினதையே செய்து கொடுக்கலாம்மா என்று அவள்தான் ஒற்றைக்காலில் நின்றாள், அவளுக்கு உன்மேல் இன்னும் பைத்தியம் தெளியவில்லை. ஒரு படி மல்லாட்டையை வறுத்து, தோலைத் தேய்த்து முறத்தில் புடைத்து, எண்ணெய் விட்டுக் குழையும்வரை நாங்கள் இரண்டு பேரும் மாற்றி மாற்றி அம்மியில் அரைத்தோம், அங்கே பாட்டிலைத் திறந்து கரண்டியால் வழித்துப் போடுகிறவளுக்கு இந்தப் பாடு தெரியாது, எனக்குத் தோள்பட்டை வலி இன்றுவரை விடவில்லை. வெண்ணெயும் நாட்டுச் சர்க்கரையும் சேர்த்து வெளுக்க அடிக்கச் சொல்லியிருந்தாய், அடித்தோம், மைதாவும் சோடா உப்பும் சலித்துப் போட்டோம், முள்கரண்டியால் குறுக்கும் நெடுக்கும் அழுத்து என்று எழுதியிருந்தாய், நீ பிறந்து வளர்ந்த வீட்டில் எந்தக் காலத்தில் முள்கரண்டி இருந்தது, கத்தி முதுகால் கோடு போட்டோம். இருப்புச் சட்டியில் மணலைப் பரப்பி உள்ளே தட்டை வைத்து மூடி, மூடிமேல் நெருப்புத் துண்டுகளைப் போட்டோம். முதல் ஈடு கரிக்கட்டை. அதற்குள் நாலு மணி பஸ்ஸில் அவர்கள் வந்து இறங்கிவிட்டார்கள், பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டால்தான் உண்டு, விளக்கு வைத்தபிறகு நம்மவர்கள் எதையும் வாயில் வைக்கமாட்டார்கள் என்பது உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, நான் வெயிலைப் பார்த்துப் பார்த்து அடுப்பை ஊதிக்கொண்டிருந்தேன். ஐந்து மணிக்கு இரண்டாவது ஈடு இறங்கிற்று. நன்றாகத்தான் வந்திருந்தது, அதில் பொய் சொல்லமாட்டேன்.

செய்முறைத் தாளில் ஒரு வரி அடித்திருந்தாய், அடித்ததற்கு மேலே வாழைப்பழம் ஒன்று என்று எழுதியிருந்தாய். அடித்ததற்கு உள்ளே இருப்பது முட்டை ஒன்று என்பது எனக்குக் கண்ணாடி போடாமலே தெரிந்தது. கைப்பழக்கத்தில் எழுதிவிட்டாய், பிறகுதான் இந்தத் தாள் யார் வீட்டுக்குப் போகிறது என்று உறைத்திருக்கிறது. புதுத் தாள் எடுத்து எழுதக்கூட உனக்குச் சோம்பல். உன் அடுப்பில் என்ன வேகிறது என்று யாராவது சொல்லியிருந்தால் நான் சண்டைக்குப் போயிருப்பேன், அதற்கு வழியில்லாமல் நீயே எழுதி அனுப்பிவிட்டாய். நாங்கள் பழம் போட்டுத்தான் செய்தோம்.

அனந்தம்மாள் வந்து உட்கார்ந்ததுமே, பெரிய பொண்ணு போனது போனதாவே இருக்கட்டும், நாங்க கிளறமாட்டோம், ஆனா போக்குவரத்து மட்டும் இருக்கக்கூடாதுங்க என்று கறாராகச் சொல்லிவிட்டாள். நான் ஒரு கடுதாசிகூடக் கிடையாதுங்க என்றேன். பிஸ்கெட்டை எடுத்து மோந்து பார்த்து, இதுல முட்டை கலப்பாங்களாமே என்று கேட்டாள், மாலினி தலைமேல் கையை வைத்துச் சத்தியம் செய்தேன். அப்புறம் நாலு தின்றாள். வாயில போட்டா கரையுதே, நம்ம வூட்லயும் செய்யணும், எப்படின்னு சொல்லுங்க என்றாள். உடனே இந்தப் புத்திகெட்ட மாலினி உள்ளே ஓடி உன் தாளையே கொண்டுவந்து அவள் கையில் கொடுத்துவிட்டது. அனந்தம்மாள் அதைக் கிட்டே பிடித்துப் படித்தாள், இது யாரு எழுதினது, இங்க இன்னாத்த அடிச்சிகீது என்று கேட்டாள். மாலினி வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். அது மாலினியோட இஸ்கூல்ல படிச்சிகினு இருந்த ஒரு பொண்ணுங்க, நம்மவங்க இல்லை, முட்டை திங்கறவங்க, நமக்காக அடிச்சிக் குடுத்துகீது என்றேன். சொன்ன பிறகு எனக்கு ஒரு சங்கடமும் வரவில்லை, நான் சொன்னதில் எந்த வார்த்தை பொய் என்று நீயே யோசித்துப் பார். அவளும் நம்பிவிட்டாள். போகும்போது மாலினிக்குப் பூ வைத்துவிட்டுத்தான் போனாள், கல்யாணம் தை கடைசியில்.

அப்பா அங்கேதான் உட்கார்ந்திருந்தார். மூன்று பிஸ்கெட் ஆசையாகத் தின்றவர், நான் அப்படிச் சொன்னதைக் கேட்டதும் கையிலிருந்ததைத் தட்டில் வைத்துவிட்டார். மறுநாள் காலையில், பெரியவள வரச் சொல்லி எழுது, கண்ணு சுத்தமா போறதுக்குள்ள அவ பையன் மூஞ்சியப் பாத்துடறேன் என்றார். என்னைத் திட்டியிருந்தால்கூட நான் பதில் சொல்லியிருப்பேன்.

நீ வராதே சுநந்தா. கல்யாணத்துக்கும் வராதே, அதற்குப் பிறகும் வராதே, மாலினி அந்த வீட்டில் வாழ வேண்டும். கடிதம், போட்டோ, செய்முறை ஒன்றும் அனுப்பாதே. உன்மேல் எனக்கு ஆசை இல்லை என்று நினைக்காதே, இருக்கிறது, கோபமும் அந்த அளவுக்கு இருக்கிறது, இரண்டையும் வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது. நீ உன் இஷ்டத்துக்கு ஒருமுறை போனாய், அதற்கு இவள் எட்டு வருஷம் வீட்டில் கிடந்தாள், இனிமேல் என்னால் ஆகாது.

இதை எழுதும்போது அப்பா எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறார், மாலினி கடைக்குப் போயிருக்கிறாள், படித்துக் காட்ட வேறு ஆளில்லை. வரச் சொல்லி எழுதிட்டியா என்று மூன்று தடவை கேட்டுவிட்டார், எழுதிகினுதான் இருக்கேன் என்றேன். தை மாதம் வந்து நீ வராமல் போனால் அவளுக்கு மனசு வரலைன்னு சொல்லிவிடுவேன். அழுவார், பிறகு சரியாகிவிடும். தானும் ஒரு வரி எழுத வேண்டுமாம், எந்த இடத்தில் என்று விரலைப் பிடித்து வைக்கச் சொல்கிறார், கீழே இடம் விட்டிருக்கிறேன்.

நீயும் உன் பிள்ளையும் இருக்கிற இடத்திலேயே நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருங்கள், ஜினர் காப்பாற்றுவார். குளிரில் பையன் காதை மூடி வெளியே அனுப்பு. இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

இப்படிக்கு உன் அம்மா,
ஜெயவதி

சுநந்தா, அம்மா எல்லாம் விவரமாக எழுதிவிட்டாள். அவள் எழுதியபடியே செய், மாற்றாதே. நான் பஸ் ஸ்டாண்டுக்கே வந்து நிற்பேன்.
அப்பா