என் வீட்டுக்கு நேரே ஒரு ஐந்து

மூன்றாம் தேதி, சனிக்கிழமை
காலை பத்து மணி ஐந்து நிமிடம்

அன்புள்ள மனைவிக்கு,

நான் நலம். நீயும் மகளும் மாப்பிள்ளையும் குட்டியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். குட்டிக்குச் சளி விட்டதா? போனில் கேட்டால், "விட்டுடுச்சு, அப்புறம் பேசறேன், அழறா" என்று வைத்துவிடுகிறாய். குழந்தை அழுகிறதா, நீ அழவைக்கிறாயா என்றே எனக்குச் சந்தேகம். அதனால்தான் கடிதம். இதில் என்னைப் பாதியில் நிறுத்த முடியாது.

வீட்டில் குளியலறைக் குழாய் ஒழுகியது. நானே வாஷர் மாற்றினேன். இப்போது இன்னும் கொஞ்சம் தாராளமாக ஒழுகுகிறது. ஜன்னலோரச் செடிகளில் இரண்டு பிழைத்திருக்கின்றன. மொத்தம் எத்தனை வைத்துவிட்டுப் போனாய் என்று எனக்கு நினைவில்லை, ஆகவே திட்டாதே. ஆறு வாரத்தில் வருகிறேன் என்று போனவள், இது ஐந்தாவது மாதம். பஸ் டிப்போவில் ஒரு வண்டி இவ்வளவு தாமதமாக வந்திருந்தால் நான் ஓட்டுநரிடம் எழுத்தில் விளக்கம் கேட்டிருப்பேன். உன்னிடம் கேட்கவில்லை. சும்மா சொன்னேன்.

பதினெட்டாம் தேதி வாக்குப்பதிவு. நம் ஆணிக்கடைக்காரர் மறுபடியும் நிற்கிறார். எதிர்த் தரப்பு கிண்டலாக வைத்த 'பழமைக் கட்சி' என்ற பெயரை இப்போது நாங்களே சட்டையில் குத்திக்கொண்டு அலைகிறோம். எனக்கு அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ஓடுகிற வண்டியைப் பிரித்துப்போட்டுப் புதிதாகப் பூட்டிக் காட்டுகிறேன் என்று கிளம்பியவர்களை டிப்போவில் முப்பத்து நான்கு வருடம் பார்த்திருக்கிறேன். கடைசியில் கையில் நாலு போல்ட் மிச்சமிருக்கும், வண்டி அசையாது. இருப்பதைக் காப்பாற்றிக்கொண்டு பழுதைச் சரிபார்க்கிற ஆள் இவர். உனக்குத் தெரியாததா?

தேர்தல் அலுவலகம் இந்த முறையும் அந்த மூடிப்போன போட்டோ ஸ்டுடியோவில்தான். சுவரில் வரைந்த அருவி அப்படியே கொட்டிக்கொண்டிருக்கிறது. அதற்கு முன்னால் நம் சாப்பாட்டு மேஜை. பத்து நாளில் திருப்பித் தருகிறேன் என்று நான் எடுத்துப் போன மேஜைதான். அது போய் இரண்டு தேர்தல் ஆகிவிட்டது. பொறுப்பாளர், பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்தவர். இன்னும் கழுத்தில் விசிலைத் தொங்கவிட்டிருப்பதால் எல்லாருக்கும் அவர் விசில் மாஸ்டர்.

வீடு வீடாகப் போகிற வேலையில் இந்த வட்டாரத்தில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. தற்பெருமை என்று நினைக்காதே, மாஸ்டரே சொன்னார். கதவு திறந்ததும் நம் ஆளைப் பற்றிப் பேசக் கூடாது. 'உங்களுக்கு எது பெரிய கவலை?' என்று கேட்டுவிட்டு, வாயை மூடிக்கொண்டு மனசுக்குள் பத்து எண்ண வேண்டும். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முறை அது. மற்றவர்கள் நாலு எண்ணுவதற்குள் பேசிவிடுவார்கள். நான் பத்தும் எண்ணுவேன். போன வாரம் ஒரு தையல்காரரிடம் கேட்டேன். தண்ணீர் வரியைச் சொல்வார் என்று நினைத்தால், எட்டு எண்ணும்போது, தன் மகன் மூன்று வருடமாகப் பேசவில்லை என்று அழுதுவிட்டார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வாக்காளர் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் நேரே ஓர் எண் போடுவோம். ஒன்று என்றால் நமக்கே. இரண்டு என்றால் நம் பக்கம் சாய்வு. மூன்று, முடிவு செய்யாதவர். நான்கு, அந்தப் பக்கம் சாய்வு. ஐந்து என்றால் தீர்மானமான எதிர்ப்பு. ஐந்து விழுந்த ஆளிடம் மறுபடி போக மாட்டோம், நினைவூட்டிப் போன் செய்ய மாட்டோம், வாக்குப்பதிவு அன்று வண்டி அனுப்ப மாட்டோம். அவரவர் தெருவை அவரவருக்குத் தருவதில்லை என்பது விதி. இந்த முறை ஆள் பற்றாக்குறை. மாஸ்டர் என் தெருவை என்னிடமே கொடுத்துவிட்டார். போன தேர்தலில் போட்ட எண்ணும் தாளில் அச்சாகியிருக்கும்.

பன்னிரண்டாம் எண் வீடு. என் பெயருக்கு நேரே ஒன்று. உன் பெயருக்கு நேரே ஐந்து.

கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். ஐந்துதான். போன தேர்தலில் எனக்குத் தெரிந்து நம் வீட்டுக் கதவை யாரும் வந்து தட்டவில்லையே, மூத்த தொண்டன் என்று எனக்குக் கொடுத்த மரியாதை என்று நினைத்துப் பூரித்திருந்தேன். இப்போதுதான் காரணம் புரிகிறது. மானம் போகிறது.

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. யாரோ வரி மாற்றி எழுதியிருக்க வேண்டும். பதினான்காம் எண் ஓய்வுபெற்ற வங்கிக்காரர் ஐந்தேதான், அவருடையது மேலே ஏறிவிட்டதோ? ஆனால் அவருக்கு நேரேயும் ஐந்து இருக்கிறது. எப்படியோ, நீ கவலைப்படாதே. அடித்துவிட்டு நானே ஒன்று என்று திருத்திவிட்டேன். தாளையும் கொடுத்துவிட்டேன்.

டிக்கெட் எடுத்துவிட்டாயா? பதினேழாம் தேதி காலை ரயிலில் வந்தால், கட்சி வண்டியை ஸ்டேஷனுக்கு அனுப்பச் சொல்கிறேன். குட்டிக்கு முத்தம்.

இப்படிக்கு,
உன் கணவன்


ஒன்பதாம் தேதி, வெள்ளிக்கிழமை
மாலை நாலே முக்கால்

அன்புள்ள மனைவிக்கு,

உன் கடிதம் வந்தது. கடிதம் என்று சொல்ல அதில் நாலு வரிதான் இருந்தது. குட்டிக்குத் தடுப்பூசி போட்டாயிற்று. என் பிரஷர் மாத்திரை இரண்டாவது டிராயரில் இருக்கிறது. டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை. நாலாவது வரி: 'அந்த ஐந்து தப்பில்லை, நீங்கள் திருத்தியதுதான் தப்பு.'

அந்த நாலாவது வரியை எத்தனை முறை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பாய். மூன்று வரி எனக்குத் தெரிந்த கையெழுத்து. நாலாவதும் அதே கையெழுத்துதான், ஆனால் யாரோ எழுதியது போல இருக்கிறது.

கோபமாக வருகிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. நீ யாருக்கு ஓட்டுப் போட்டாலும் அது உன் இஷ்டம் என்று நூறு வீட்டு வாசலில் நின்று மற்றவர்களிடம் சொல்லியிருக்கிறேன். மனசாரத்தான் சொன்னேன். நம் வீட்டுக்கு வரும்போது அது ஏன் தொண்டையில் நிற்கிறது? ஒவ்வொரு தேர்தலிலும் ஒன்றாகத்தான் போனோம். வாசலில், "மேலிருந்து மூணாவது, பாத்துக்க" என்பேன். நீ தலையாட்டுவாய். அந்தத் தலையாட்டலுக்கு என்ன அர்த்தம்? ஒரு தடவைதானா, எல்லாத் தடவையுமா? உள்ளே போய் வந்து என் பின்னால் அதே முகத்தோடு ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்தாயே!

எண் போட்டது யார் என்று மாஸ்டரிடம் கேட்டேன். மருந்துக்கடையில் வேலை செய்கிற பெண்ணாம். நேராகக் கடைக்கே போனேன். இருமல் மருந்துக்கு வந்தவர்களை எல்லாம் அனுப்பிவிட்டு என்னைப் பார்த்தாள். விஷயத்தைச் சொன்னதும் அவள் முகம் மாறியது.

"நான் தப்பா எழுதல ஐயா. அன்னைக்கு எனக்கு முதல் நாள். உங்க வீடுன்னுகூடத் தெரியாது. அம்மா உள்ள கூப்பிட்டாங்க, ஃபேன் போட்டாங்க, தண்ணி குடுத்தாங்க. 'உங்களுக்கு எது பெரிய கவலை'ன்னு கேட்டேன். பத்து எண்ணினேன், ஒண்ணும் சொல்லல. சரி, இருபது எண்ணுவோம்னு எண்ணினேன். அதுக்கப்புறம்தான் ஆரம்பிச்சாங்க. அரை மணி நேரம் பேசினாங்க" என்றாள்.

நீ என்ன பேசினாய் என்று கேட்டேன். அதைச் சொல்ல மாட்டேன் என்றாள். உன் கணவன் நான்தான் என்றேன். "அதனாலதான் ஐயா சொல்ல மாட்டேன்" என்றாள். கெட்டிக்காரப் பெண். எனக்கு அந்த நேரத்தில் அவளைப் பிடிக்கவில்லை.

கிளம்பும்போது அவளே கூப்பிட்டு ஒன்று மட்டும் சொன்னாள். உன்னிடம் விடைபெறும்போது, இதை உங்கள் வீட்டுக்காரரிடம் யாரும் சொல்ல மாட்டார்கள் என்று அவள் உறுதி கொடுத்தாளாம். நீ சிரித்தாயாம். "சொன்னாலும் பரவாயில்லம்மா, அவர் திருத்திடுவார்" என்றாயாம்.

கடையை விட்டு வெளியே வந்து, ஸ்கூட்டரை எங்கே நிறுத்தினேன் என்று தெரியாமல் தெருவின் இரண்டு முனைக்கும் நடந்தேன்.

அப்படி என்ன சொல்லியிருப்பாய்? யோசித்து யோசித்துத் தலை கிறுகிறுக்கிறது. மாலை நேர மருத்துவமனையை மூட நம் ஆட்கள் கையெழுத்து வாங்கினார்களே, அதுவா? நீ அங்கேதான் முழங்காலைக் காட்டுவாய். அந்தக் கையெழுத்து வேட்டையில் நானும் இருந்தேன். ஆனால் அது போன தேர்தலுக்குப் பிறகு நடந்தது, தேதி ஒத்துவரவில்லை. நீ பள்ளி அலுவலக வேலையை விட்டதா? நான் விடச் சொல்லவில்லை. விட வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மேஜையா? ஒரு மேஜைக்காக ஒருத்தி கட்சி மாறுவாளா? இல்லை, உண்மையிலேயே உனக்கு எதிர்த் தரப்பின் கொள்கைதான் சரியென்று படுகிறதா? அது ஏன் எனக்குக் கடைசியாகத் தோன்றியது?

இன்று மாஸ்டரிடம் போய், உன் எண்ணை மறுபடி ஐந்தாக மாற்றச் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "உங்க வீட்டையே கேக்காம எழுதிட்டீங்கன்னா, நீங்க கொண்டாந்த மத்த நானூறு வீட்டை நான் எப்படிய்யா நம்பறது?" என்றார். மற்ற வீடுகளில் எல்லாம் கேட்டுத்தான் எழுதினேன் என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அவர் விசிலை வாயில் வைத்துவிட்டு, ஊதாமல் எடுத்துவிட்டார்.

புதுத் தாளில் ஐந்தை நானே என் பேனாவால் எழுதினேன். இந்த முறை அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன்.

வேறென்ன எழுத? மாத்திரை இரண்டாவது டிராயரில்தான் இருந்தது.

இப்படிக்கு,
உன் கணவன்


பன்னிரண்டாம் தேதி, திங்கட்கிழமை

அன்புள்ள மனைவிக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று முறை ஆரம்பித்துக் கிழித்தேன். முதல் இரண்டில் உனக்குப் பதிலையும் நானே எழுதியிருந்தேன்.

நேற்று மேஜையை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அலுவலகத்தில் இப்போது இரண்டு பெட்டிமேல் ஒரு பலகை போட்டு வேலை நடக்கிறது. மேஜையில் பசை ஒட்டியிருந்தது. ஒரு காலில் யாரோ 'நமக்கே வெற்றி' என்று பேனாவால் எழுதியிருக்கிறார்கள், எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. அந்தக் காலைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன். உன் நாற்காலி ஜன்னல் பக்கம்.

நான் கட்சியை விட்டுவிடவில்லை, விடவும் மாட்டேன். இன்று காலையும் பதினேழு வீட்டுக்குப் போனேன். ஆனால் கேட்டுவிட்டு எண்ணும்போது கணக்குத் தப்பிவிடுகிறது. ஆறுக்கு மேல் என் மனசு பன்னிரண்டாம் எண்ணுக்குப் போய்விடுகிறது. எதிரே நிற்பவர் ஏதோ சொல்லி முடித்துவிடுகிறார், நான் என்ன எழுதுவது என்று விழிக்கிறேன். நேற்றுவரை எனக்குத் தெரிந்த வேலை இது.

பதினேழாம் தேதி கட்சி வண்டி ஸ்டேஷனுக்கு வராது. ஐந்துக்கு வண்டி கிடையாது, விதி. என் ஸ்கூட்டர் வரும். பின்சீட்டைத் தைக்கக் கொடுத்து வாங்கிவிட்டேன். வாக்குச்சாவடி வாசலில் மூணாவது நாலாவது என்று ஒரு வார்த்தை பேச மாட்டேன். வேண்டுமானால் தெருமுனையிலேயே நிற்கிறேன். பதினேழு முடியாது, குழந்தையை விட்டு வர முடியாது என்றால் பிறகு வா. தேர்தல் முடிந்த பிறகு வந்தாலும் சரி. எந்த ரயில் என்று மட்டும் எழுது. நீ இல்லாமல் இந்த வீட்டில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இதை உன்னிடம் நான் சொல்லியிருக்கிறேனா என்று யோசித்தேன், நினைவுக்கு வரவில்லை. அதனால் எழுதிவிட்டேன்.

மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசிகள். குட்டி சளி இருமல் இல்லாமல், வாய் ஓயாமல் பேசுகிற பெண்ணாக வளரட்டும்.

நானூறு வீட்டில் கேட்டதை ஒரு வீட்டில் கேட்கவில்லை. முறைப்படியே கேட்கிறேன், தப்பாக நினைக்காதே.

வணக்கம். இதே தெருவில் பன்னிரண்டாம் எண் வீட்டிலிருந்து வருகிறேன். ஓட்டுக் கேட்க வரவில்லை. உங்களுக்கு எது பெரிய கவலை?

இதற்குக் கீழே இடம் விட்டிருக்கிறேன். பின்பக்கமும் வெறுந்தாள்தான். நீ எழுதி அனுப்பு. நான் எண்ணிக்கொண்டிருக்கிறேன், இருபதோடு நிறுத்த மாட்டேன்.

திருத்தாமல் படிக்கக் காத்திருக்கும்,
உன் கணவன்